அட்டையில் ஒரு கிதார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

நண்பர்களே, எனக்கு இசை தெரியாது. சரளி வரிசைகூடப் பாடத் தெரியாத ஒருவன் இசைக்கருவி செய்த ஒருவரின் வரலாற்றை எழுத வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்கு விடுதியில் என் அறையில் தங்கியிருக்கும் நண்பனும், நம் ஆய்வுக்கூடத்துச் சுரமானியும், என் தந்தையாரும் பொறுப்பு.

நண்பன் பழைய கிதார் ஒன்று வைத்திருக்கிறான். புதியது வாங்க வேண்டும் என்பது அவன் கனவு. வாங்கப் பணம் இல்லை. ஆனால் மதிப்புரை படிக்கப் பணம் வேண்டியதில்லை அல்லவா? ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் கிதார் மதிப்புரைகளாகப் படிப்பான். நல்ல இடம் வந்தால் எனக்கும் படித்துக் காட்டுவான். அவற்றில் பெரும்பாலானவை புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் பெயரைத் தாங்கி வரும் கிதார்களைப் பற்றியவை. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் கிப்சன் நிறுவனம் நிக் லூக்காஸ் என்ற கலைஞரின் பெயரில் ஒரு கிதாரை வெளியிட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்று பெருவெள்ளமாகிவிட்டது. அந்த மதிப்புரைகளின் மொழிதான் என்னை முதலில் வியக்க வைத்தது. ஒரு கிதாரின் ஒலி சூடானதாம். இன்னொன்றின் ஒலி உலர்ந்ததாம். மூன்றாவதன் அடிச்சுரம் இருண்டதாம், மேற்சுரம் உருண்டையானதாம். ஒன்றுக்குத் தேன், ஒன்றுக்குப் பளிங்கு, ஒன்றுக்குப் பட்டு. இவ்வளவும் எதனால் என்று கேட்டால், பின்புறமும் பக்கங்களும் இன்ன மரத்தால் ஆனவை, அதனால்தான் என்று முடித்துவிடுகிறார்கள்.

நானோ இயற்பியல் மாணவன். அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்சு என்ற அலகு உண்டு. செறிவை டெசிபலில் சொல்லலாம். இந்தச் சூட்டுக்கும் உலர்ச்சிக்கும் அலகு எது? நம் ஒலியியல் பாடம் சுருதி, உரப்பு, பண்பு என்று இசையொலிக்கு மூன்று இயல்புகளைக் கூறுகிறது. முதல் இரண்டுக்கும் சமன்பாடு உண்டு, கணக்கு உண்டு, தேர்வில் பத்து மதிப்பெண் உண்டு. மூன்றாவதான பண்பு, மேற்சுரங்களின் எண்ணிக்கையையும் வலிமையையும் பொறுத்தது என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. வீணையையும் குழலையும் இருட்டில் கேட்டாலும் எப்படிப் பிரித்தறிகிறோம் என்ற பெரிய வினாவுக்கு ஒரு வாக்கியம்! நண்பனின் மதிப்புரைக்காரர்கள் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

இதைத் தேடிப் போனபோதுதான் அந்தோனியோ தெ தோரஸ் என்ற ஸ்பானிய தச்சரைச் சந்தித்தேன். இன்று உலக மேடைகளில் நாம் காணும் நரம்புக் கிதாரின் உருவம் அவர் கைவழி வந்தது. அவரும் இதே வினாவைக் கேட்டார். ஆனால் அதைச் சொல்லால் கேட்கவில்லை. அட்டையாலும் பசையாலும் கேட்டார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்பெயினின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில் அல்மேரியா என்ற நகரம் இருக்கிறது. அதற்கருகே லா கன்யாதா என்னும் சிற்றூரில் 1817-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தோரஸ் பிறந்தார். தந்தையார் வரி வசூலிப்பவர். மகனைப் பன்னிரண்டு வயதில் தச்சுத் தொழிலில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதில் என்று படித்ததும் நான் சற்று நின்றேன். என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு உளி பிடித்ததும் ஏறத்தாழ அதே வயதில்தான்.

1833-இல் ஸ்பெயினில் அரசுரிமைப் போர் மூண்டது. இளைஞர்களைப் படைக்குப் பிடித்தார்கள். மகனைக் காக்க எண்ணிய தந்தை, உடல் தகுதி இல்லை என்று சான்று பெற்று அவனை விடுவித்தார். அதுவும் போதாதென்று 1835-இல் அவசர அவசரமாகத் திருமணமும் செய்து வைத்தார்கள். ஏனெனில் மணமாகாதவர்களையும் பிள்ளையில்லாத மனைவியிழந்தோரையுமே படைக்கு அழைத்தார்கள். மணமகனுக்குப் பதினெட்டு வயது. மணமகள் ஹுவானா மரியாவுக்கு வயது பதின்மூன்று. மூன்று குழந்தைகள் பிறந்தன, இரண்டு இறந்தன. கடன் கழுத்தை நெரித்தது. 1845-இல் மனைவியும் காசநோய்க்குப் பலியானார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்து மூன்றுதான். இந்த ஆண்டுகளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

பிறகு அவர் வாழ்க்கை செவில் நகரில் தொடர்கிறது. நாற்காலியும் மேசையும் செய்யும் கை எப்போது கிதார் செய்யும் கையாக மாறியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிரனாடா நகரில் பெர்னாஸ் என்ற கைவினைஞரிடம் கற்றார் என்பாரும் உளர். எப்படியாயினும் 1840களில் அவர் கிதார் செய்தது துணைத் தொழிலாகத்தான். 1850களில் ஹூலியன் ஆர்காஸ் என்ற இளங்கலைஞரின் நட்பு வாய்த்தது. ஆர்காஸும் அல்மேரியா மாநிலத்துக்காரர். தோரஸைவிடப் பதினைந்து வயது இளையவர். பின்னாளில் 1862-இல் இங்கிலாந்து சென்று வாசித்துப் புகழ் பெற்றவர். பெரிய மன்றங்களில் வாசிக்க விரும்பிய அவருக்கு அன்றைய கிதார்கள் போதவில்லை. இந்தத் தொழிலையே முழுநேரமாகக் கொள்ளும்படி தோரஸைத் தூண்டியவர் அவரே. வாசிப்பவனின் குறையும் செய்பவனின் கையும் சந்திக்கும் இடத்தில்தான் கருவி பிறக்கிறது.

அன்றைய கிதாருக்கு என்ன குறை? அது சிறியது. வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்கப் போதும். மன்றத்தின் கடைசி வரிசைக்கு எட்டாது. பெரிதாகச் செய்துவிட்டால் தீராதோ என்றால், அங்கேதான் நம் பாடம் வருகிறது.

சுரமானியை நாம் எல்லோரும் தொட்டிருக்கிறோம். கம்பியின் மேல் காகிதத் துண்டை மடித்து வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றினால், நீளம் சரியாக அமைந்தபோது காகிதம் துள்ளி விழுகிறதே, அந்த நொடியில் மகிழாதவர் உண்டோ! ஆனால் அந்த மரப்பெட்டி எதற்கு என்று நான் முதலாண்டில் எண்ணிப் பார்த்ததில்லை. கம்பி மிக மெல்லியது. அது அசைந்தால் காற்று இருபுறமும் வழுக்கி ஓடிவிடுமேயன்றி அலையாக எழாது. கம்பியின் ஆற்றலைக் குதிரை வழியே வாங்கி, அகன்ற பலகை ஒன்று அசைந்தால்தான் காற்று அசையும். நம் செவிக்கு எட்டும். கிதாரில் அந்த வேலையைச் செய்வது மேற்பலகை. குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் மெல்லிய பலகை அது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஆறு நரம்புகளும் சேர்ந்து சுமார் நாற்பது கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்கின்றன. பலகை தடித்தால் தாங்கும், பேசாது. மெலிந்தால் பேசும், தாங்காது, உள்ளே குழிந்துவிடும். கருவியைப் பெரிதாக்கினால் பலகையும் பெரிதாகி இந்தத் தொல்லை இன்னும் வளரும்.

தோரஸ் கண்ட தீர்வு பின்வருமாறு. மேற்பலகையைச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக்கு இழைத்தார்; ஓரம் செல்லச் செல்ல இன்னும் மெலிவாக்கினார். அதைத் தட்டையாக விடாமல், விரித்த குடையின் மேற்புறம் போல மிக இலேசாக மேடாக வளைத்தார். அடிப்புறத்தில் ஏழு மெல்லிய மரச்சட்டங்களைப் பனையோலை விசிறியின் ஈர்க்குகள் விரிவது போல ஒட்டினார். கீழே இரண்டு சட்டங்கள் அந்த விசிறியை மூடின. உடலைப் பெரிதாக்கி, நரம்பின் நீளத்தை 650 மில்லிமீட்டராக நிலைப்படுத்தினார். இன்றைக்கும் கடையில் கிடைக்கும் நரம்புக் கிதாரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அதே 650தான்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. விசிறிச் சட்டத்தைக் கண்டுபிடித்தவர் தோரஸ் அல்லர். அவருக்கு முன்பே பதினெட்டாம் நூற்றாண்டில் செவிலில் சங்கினோவும், காதிசில் பாஹேஸ், பெனேதித் போன்றோரும் அதைக் கையாண்டிருக்கிறார்கள். தலைவரைப் புகழ்வதற்காக மற்றவர் பங்கைத் தலைவர் கணக்கில் எழுதுவது நம் வாழ்க்கை வரலாறுகளில் மலிந்த பழக்கம். தோரஸுக்கு அது தேவையில்லை. கிடைத்த கூறுகளை எல்லாம் ஒரே உடலில் ஒன்றுக்கொன்று இசையச் சேர்த்தார். அதுவே அவர் பெருமை.

1856-இல் அவர் செய்த கிதார் ஒன்றுக்குப் பெண் சிங்கம் என்று பொருள்படும் லா லியோனா என்ற பெயர் நிலைத்தது. பின்புறமும் பக்கங்களும் சைப்ரஸ் மரம். ஒலித் துளையின் உள்ளே உலோகக் குழல் ஒன்றும் பொருத்தியிருந்தார். ஆர்காஸ் அதை வாசித்தார். 1858-இல் செவில் பொருட்காட்சியில் தோரஸின் கிதாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பெயர் பரவியது. கைக்கு வேலை வந்தது.

இந்த உயரத்தில் இருந்தபோது, 1862-இல், அவர் செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஒரு கிதாருக்கு மேற்பலகையை வழக்கம்போல நல்ல ஸ்ப்ரூஸில் செய்தார். பின்புறத்தையும் பக்கங்களையும் மரத்தில் செய்யவில்லை. அட்டையில் செய்தார். ஆம், காகித அட்டையில்!

நண்பர்களே, இதன் துணிவை எண்ணிப் பாருங்கள். வாங்க வருபவர் அன்றும் பின்புறத்து மரத்தைத்தான் பார்ப்பார். பளபளக்கும் உயர்ந்த மரத்துக்குத்தான் விலை. அந்த மரத்தை எடுத்துவிட்டு அட்டையை வைத்தால் ஒருவரும் வாங்கார். விற்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. ஒலியின் உயிர் மேற்பலகையில் இருக்கிறது, மற்றவை அதைத் தாங்கும் உடலே என்று அவர் கொண்டிருந்த கருத்தைச் சோதிக்கவே செய்தார். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்ப்பது சோதனையின் முதல் விதி என்று முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதில் தச்சுப் பட்டறைக்குப் போனவருக்கு அதை யார் சொன்னார்கள்? அந்தக் கிதார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் ஒரே ஒரு பொருளைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்குமானால் அதைத்தான் கேட்பேன்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பின்கதை உண்டு. 2018-இல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். எல்லா வகையிலும் ஒன்றுபோலச் செய்த ஆறு உருக்குக் கம்பிக் கிதார்கள். பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் உரிய மரம் மட்டும் ஆறுக்கும் ஆறு வகை. விலை மிகுந்த பிரேசில் ரோஸ்வுட் முதல் எளிய மரம் வரை. ஐம்பத்திரண்டு கிதார் கலைஞர்களைக் கருவி கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கச் செய்து கருத்துக் கேட்டார்கள். மதிப்பீடுகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. மரத்தை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து நம்பத்தக்க வகையில் பிரித்துச் சொல்லவும் அவர்களால் இயலவில்லை. இதை என் அறை நண்பனிடம் சொன்னபோது அவன் அன்றிரவு என்னோடு பேசவில்லை.

அந்த ஆறு மரங்களுள் ஒன்று இந்திய ரோஸ்வுட். அது வேறொன்றுமன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிதான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் மரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் உலகத்துக் கிதார்ப் பட்டறைகள் எல்லாம் நம் ஈட்டியின் பக்கம் திரும்பின. ஈட்டியைப் பற்றி என் தந்தையாரிடம் கேட்டேன். இரும்பு மாதிரி மரம், இழைப்புளியின் வாயை மழுக்கிவிடும், பழைய ஜமீன் வீட்டுக் கட்டில் ஒன்றைப் பழுது பார்த்தபோது தொட்டதோடு சரி என்றார்.

சோதனை செய்தவர்கள் மரம் பயனற்றது என்று சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. மேற்பலகையின் மரமும் அதை இழைத்த கையும் ஒலியை ஆளுகின்றன. சூடு, தேன், பட்டு என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் நான் இப்போது எண்ணவில்லை. அவர்கள் எதையோ கேட்கிறார்கள். மேற்சுரங்கள் சில ஓங்கி, சில அடங்கி, சில விரைந்து மடிவதை ஒரு காது மொத்தமாக வாங்கிக் கொள்கிறது. அதைச் சொல்ல மொழியில் தனிச்சொல் இல்லாதபோது நாக்கிடமும் தோலிடமும் கடன் வாங்குகிறது. நாமும் குரலைக் கட்டை என்கிறோம், கீச்சு என்கிறோம், வெண்கலம் என்கிறோம். பிழை சொல்லில் இல்லை. ஒலிக்குக் காரணத்தைக் கண்ணால் பார்த்த மரத்தின் மேல் ஏற்றுவதில்தான் இருக்கிறது.

1869-க்கு வருவோம். செவிலில் தோரஸின் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். வயது பதினாறு, பதினேழு இருக்கும். பெயர் பிரான்சிஸ்கோ தாரேகா. விய்யாரியால் என்ற ஊரில் ஒரு கன்னிமாடத்துக் காவலாளியின் மகன். குழந்தையாக இருந்தபோது வாய்க்காலில் விழுந்து கண் பழுதுபட்டவன். சொந்தப் பணம் இல்லை. கலையன்பரான செல்வர் ஒருவர் அவனுக்குக் கிதார் வாங்கித் தர அழைத்து வந்திருந்தார். தோரஸ் கடையில் இருந்தவற்றுள் எளிய கிதார் ஒன்றைக் காட்டினார். காவலாளி மகனுக்கு அது போதும் என்று எண்ணியிருப்பார். கடைக்காரர் நம்மை எடை போடும் அந்தப் பார்வை எனக்கும் தெரியும். இளைஞன் அதை வாங்கி வாசித்தான். கேட்டுக் கொண்டிருந்த தோரஸ் உள்ளே போனார். 1864-இல் தமக்கென்று செய்து வைத்துக்கொண்டிருந்த கிதாரை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். தாரேகாவின் மாணாக்கர் வழி வழியாகச் சொல்லி வந்த செய்தி இது.

மேப்பிள் மரத்து உடல் கொண்ட அந்தக் கிதாரைத் தாரேகா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்தார். கிதாருக்குத் தனி மேடை உண்டு என்று ஐரோப்பாவை ஒப்புக்கொள்ளச் செய்தவர்களுள் முதல்வர் அவர். இன்று கலைஞர் பெயரைக் கருவியில் அச்சிட்டு விற்கிறார்கள். அன்று தாரேகாவின் கிதார் என்றால் தோரஸின் கிதார். தோரஸின் கிதார் என்றால் தாரேகா வாசிப்பது. ஒப்பந்தமும் விளம்பரமும் இல்லாமல் இரு பெயர்களும் ஒட்டிக்கொண்டன.

இவ்வளவு புகழ் பெற்றவர் செல்வராகியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. 1868-இல் மறுமணம் செய்துகொண்ட அவர், 1870 வாக்கில் செவில் கடையை மூடிவிட்டு அல்மேரியாவுக்கே திரும்பிவிட்டார். அங்கே என்ன தொழில் தெரியுமா? பீங்கான், கண்ணாடிப் பாத்திரக் கடை! ஸ்பெயினின் தலைசிறந்த கிதார்க் கைவினைஞர் தட்டும் கோப்பையும் விற்று வாழ்ந்தார். கிதார் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ச் சந்தையில் என் தாயார் மண்பானை வாங்கும்போது சுண்டு விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் வாங்குவார், பொத்தென்றால் கீறல். அல்மேரியாவில் அந்தக் கடைக்குள் நிற்கும் தோரஸை நான் கற்பனையில் காணும்போதெல்லாம் ஒரு கோப்பையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பவராகவே காண்கிறேன். இது வெறும் கற்பனைதான், சான்று கேட்காதீர்கள்.

கை சும்மா இருக்குமா? 1875-இல் மீண்டும் கிதார் செய்யத் தொடங்கினார். அதுமுதல் செய்த கருவிகளின் உள்ளே ஒட்டிய சீட்டில் இரண்டாம் காலம் என்று அச்சிட்டு எண்ணும் இட்டார். கடைவேலை போக மிஞ்சிய நேரத்தில் நடந்த வேலை. 1883-இல் இரண்டாம் மனைவியும் இறந்தபின் ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு கிதார் என்ற அளவில் இறுதிவரை உழைத்தார். எப்போதும் உயர்ந்த மரம் அவருக்குக் கிடைத்ததில்லை. துண்டுகளை இணைத்துச் செய்த கருவிகளும் உண்டு. மரம் வாங்கப் பணமில்லாத தச்சன் துண்டுகளை எப்படிச் சேர்ப்பான் என்பது எனக்குப் புதிதன்று. என் படிப்பு மேசையே அப்படிச் செய்ததுதான்.

1892 நவம்பர் 19-இல், எழுபத்தைந்தாம் வயதில் தோரஸ் மறைந்தார். வாழ்நாளில் சுமார் 320 கிதார்கள் செய்திருக்கலாம் என்பது கணிப்பு. எண்பதுக்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. அவர் மறைவுக்குப் பின் மாட்ரிட்டில் மனுவேல் ரமீரஸும், ஜெர்மனியில் ஹெர்மன் ஹவுசரும் அவர் வழியில் செய்த கருவிகள்தாம் செகோவியா என்ற மேதையின் கையில் உலகைச் சுற்றின. இவற்றுக்கெல்லாம் நுழைந்தால் கட்டுரை நீளும். ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும். தோரஸின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து 1987-இல் நூலாக்கியவர் ஹோசே ரோமனியோஸ். பேராசிரியர் அல்லர், அவரும் மரவேலை கற்று வளர்ந்து, இங்கிலாந்தில் கிதார் செய்தவர். ஒரு தச்சரின் வரலாற்றை இன்னொரு தச்சர் எழுதினார்.

தோரஸின் இறுதிக் காலத்தில் அவரோடு பழகிய மார்த்தீனஸ் சிர்வென்ட் என்ற பாதிரியார் 1931-இல் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு விருந்தில் தோரஸை ஒருவர் கேட்டாராம், இத்தகைய ஒலியை எழுப்பும் உங்கள் இரகசியம் என்ன, அது உங்களோடு அழிந்துவிடலாமா என்று. தோரஸ் வருந்தினாராம். மறைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையில்லை. ஆனால் அதை விட்டுச் செல்ல வழியில்லை, அது தம்மோடு கல்லறைக்குத்தான் வரும் என்றாராம். ஏனெனில் பலகையைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கும்போது, அது சரியாக இழைக்கப்பட்டிருக்கிறதா, தாம் விரும்பும் ஒலியைத் தருமா என்பதை அந்த விரல் நுனிகள்தாம் அவர் மூளைக்குச் சொல்கின்றன என்பது அவர் விடை.

இந்தப் பக்கத்தைப் படித்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் கை உளி பிடிக்கக் கூடாது என்பது தந்தையாரின் பிடிவாதம். பட்டறைப் பக்கம் போனால் புத்தகம் எடு என்பார். நானும் அதைப் பெருமையாகவே எண்ணி வளர்ந்தேன். சீவல் ஒட்டிய சட்டையோடு அவர் என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது சற்று விலகி நின்றவன் நான். அதை இங்கே எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

அன்று மாலை அவரிடம் தோரஸின் கதையைச் சொன்னேன். இழைப்பதை நிறுத்தாமலே கேட்டார். கட்டை விரல் செய்தி வந்தபோது மட்டும் கை நின்றது. மூலையில் சாத்தியிருந்த இரண்டு பலாப் பலகைகளை எடுத்து வரச் சொன்னார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் விரல்களால் பிடித்துத் தூக்கி, விரல் கணுவால் தட்டினார். இது ஊமை, இது பேசும் என்றார். எப்படி என்று கேட்டேன். சிரித்தார். அடர்த்தியா, ஈரமா, இழையோட்டமா என்று நான் அடுக்கியபோது, அதெல்லாம் உங்கள் படிப்பில் இருக்கும் தம்பி, எனக்குத் தெரிவது இதுதான் என்று மறுபடி தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார். தட்டினேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. மறுநாளும் தட்டினேன், புறப்படும் நாள் காலையிலும் தட்டினேன். மூன்றாம் நாள் ஒன்று சற்று நீளமாக ஒலிப்பது போலத் தோன்றியது. உண்மையிலேயே கேட்டேனா, கேட்க விரும்பினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை வழியனுப்ப வந்தவர், பேச்சில்லாமல் நடந்தார். அட்டைக் கிதார் செய்தாரே அந்த ஆசாரி, அட்டையை வளைத்து மரத்தோடு ஒட்ட என்ன பசை போட்டார், நம் வச்சிரம் போலவா, வேறா என்று கேட்டார். நான் படித்த எதிலும் அதைக் கவனித்து வைக்கவில்லை. பார்த்து எழுதுகிறேன் அப்பா என்று சொல்லிப் பேருந்தில் ஏறினேன்.